கல்வேலித் தீவில் சுளுக்கிய கால்

விடுமுறைப் பயணம் என்றவுடன் பெட்டியில் எவற்றை அடுக்குவது, எங்கே தங்குவது, எத்தனை மணிக்குப் பஸ் புறப்படும் என்றெல்லாம் எண்ணிப் பார்க்கின்றவர்கள், தம்மைச் சுமந்து திரியப் போகின்ற இரு கால்களைப் பற்றி ஒரு கணமேனும் நினைப்பதில்லை. பெரிய நோய் ஏதும் வந்துவிட்டாற் பயணத்தை நிறுத்தி வீட்டிலே தங்கிவிடுகின்றோம். காலில் ஏற்படும் சிறு நோவோ அத்தகையதன்று. அது பயணத்தை நிறுத்தவும் மாட்டாது. தொடர விடவும் மாட்டாது. சென்ற சித்திரை விடுமுறையில் நெடுந்தீவுக்குச் சென்றிருந்தபோது இத்தகைய நிலை எமக்கு வாய்த்தது. அதனால் அத்தீவினைப் பிறர் காணாத வகையிற் காணும் பேறும் கிடைத்தது.

யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள தீவுகளுள் மக்கள் வாழ்கின்ற தொலைதூரத் தீவு நெடுந்தீவாகும். பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை வழியாக, இரு மருங்கும் கடல் விளங்கும் தாம்போதியிற் சென்று, புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையை அடைதல் வேண்டும். அங்கிருந்து இயந்திரப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். சோளகக் காற்றுப் பலமாக வீசும் மாதங்களிற் கடல் கொந்தளிக்கும். சித்திரையிலோ அது குளத்து நீர்போல் அமைதியாகக் கிடக்கும். ஒல்லாந்தர் தமது ஆட்சிக் காலத்தில் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். ஏனைய பெயர்கள் வழக்கொழிந்து போயின. நெடுந்தீவுக்கு இட்ட 'டெல்ஃப்ட்' என்னும் பெயர் மட்டும் பிறமொழி வழக்கில் இன்றும் நிலைத்து நிற்கின்றது.

எமது தம்பியும் அவர் மனைவியும் இரு ஆண் பிள்ளைகளும், பெரியம்மாவும் நாமுமாக அறுவர் சென்றோம். பெரியம்மாவுக்கு வயது 78. அவர் பிறந்தது இத்தீவிலேயே. 1950களில் வன்னிக் குடியேற்றத் திட்டங்களிற் காணி பெற்றுத் தீவுப் பகுதியிலிருந்து பல குடும்பங்கள் சென்றன. அவ்வாறு சென்ற குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. பத்து வயதில் வள்ளமேறியவர், பின்னர் திருமணம், பிள்ளைகள், யுத்தம், இடப்பெயர்வு எனக் காலம் கழிந்து போக, மீண்டும் அம்மண்ணை மிதிக்கவில்லை. தாம் பிறந்த வளவையும் அதிலிருந்த கிணற்றையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதே அவரது விருப்பம். முழங்கால் நோவினால் ஊன்றுகோலுடன் நடப்பவர் அவர். இன்னொரு முறை இக்கடலைக் கடப்பது அவருக்கு இயலாது என்பதை நாம் எல்லோரும் அறிந்திருந்தோம், அவரும் அறிந்திருந்தார்.

நெடுந்தீவிற் கால் வைப்பவரின் கண்ணில் முதலிற் படுவன அங்குள்ள கல்வேலிகளாகும். குடாநாட்டிற் கிடுகுவேலியும் பனைமட்டை வேலியும் காண்போம். இங்கோ, கடல் தந்த முருகைக் கற்களை ஒன்றன் மேலொன்றாக அடுக்கி வேலியமைத்திருக்கின்றனர். சாந்து இல்லை, சீமெந்து இல்லை. கல்லின் கரடுமுரடே கல்லைப் பற்றி நிற்கின்றது. காற்று அவற்றின் இடுக்குகளினூடே புகுந்து சென்றுவிடுவதனால் வேலி சாய்வதில்லை. கல் சரிந்தாலும் எடுத்து மறுபடி அடுக்குவதற்குக் காசு வேண்டியதில்லை.

சென்ற அன்று மாலை, கடற்கரை நோக்கிச் செல்லும் ஒழுங்கையொன்றில் நடந்துகொண்டிருந்தோம். வேலியிலிருந்து உதிர்ந்து மணலிற் புதைந்து கிடந்த கல்லொன்று காலின் கீழ் உருண்டது. இடது பாதம் உட்புறமாக மடங்கியது. எழுந்து நின்றபோது கணுக்காலின் வெளிப்புறம் எலுமிச்சங்காயளவு வீங்கியிருந்தது.

“கால் பிசகிப் போச்சுதோ, தம்பி?” என்றார் பின்னால் வந்த பெரியம்மா. வேறொன்றும் அவர் கூறவில்லை.

தங்கியிருந்த உறவினர் தமது முச்சக்கரவண்டியில் எம்மைத் தீவின் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்த இளம் வைத்தியர் கணுக்கால் எலும்பின் நுனியையும் அதன் பின் விளிம்பையும் விரலால் அழுத்தினார். பாதத்தின் நடுப்பகுதியையும் சுண்டுவிரற் பக்க எலும்பையும் அழுத்திப் பார்த்தார். பின்னர், “எழுந்து நான்கு அடி நடந்து காட்டுங்கள், ஐயா” என்றார். நொண்டியபடி நடந்து காட்டினோம். “எலும்பு முறிந்திருக்காது, தசைநார்ச் சுளுக்குத்தான்” என்று கூறினார்.

நான்கு அடி நடப்பதற்கும் எலும்பு முறிவுக்கும் என்ன தொடர்பு என வாசகர்கள் வினவலாம். கனடா தேசத்து ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992இல் வகுத்த விதி அது. குறித்த இடங்களில் எலும்பை அழுத்தும்போது நோவு இல்லாமலும், நொண்டியேனும் நான்கு அடி வைக்கக் கூடியதாகவும் இருந்தால், எக்ஸ்றே எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. எலும்பின் மேல் நோவிருந்தாலோ, நான்கு அடி வைக்க இயலாவிட்டாலோ எக்ஸ்றே எடுத்தே ஆகவேண்டும். கடல் கடந்து செல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்களுக்கு இவ்விதி எத்துணைப் பெரிய உதவி என்பதை அன்று உணர்ந்தோம்.

சிகிச்சை எளிது. இரு நாட்கள் காலுக்கு ஓய்வு. பாதத்திலிருந்து மேல்நோக்கி, இழுபடும் பட்டித்துணியாற் கட்டு. படுக்கும்போது தலையணை வைத்து நெஞ்சுக்கு மேலாகக் காலை உயர்த்தி வைத்தல். விரல்கள் விறைத்தாலோ நீலம் பாரித்தாலோ கட்டைத் தளர்த்தல் வேண்டும். பனிக்கட்டியைத் துணியிற் சுற்றி, ஒரு தடவைக்குக் கால் மணி நேரம் வைத்தல் நோவைத் தணிக்கும். ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்துதல் என்னும் இந்நான்கையும் ஒரு முறையாகத் தொகுத்து 1978இல் எழுதியவர் அமெரிக்க வைத்தியரான கேப் மேர்க்கின். 2014இல் அவரே, பனிக்கட்டியும் நீண்ட ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆகவே, பனிக்கட்டி நோவுக்கு மட்டுமே. நோவு சற்றுத் தணிந்ததும் காலை மெல்ல மெல்ல அசைத்துப் பழக்குவதே நன்று என்பது இப்போதைய கொள்கை.

பனிக்கட்டிக்கு எங்கே போவது? மீன் வாங்க வந்தவர் ஒருவரின் ரெஜிபோம் பெட்டியிலிருந்து ஒரு கோப்பையளவு கிடைத்தது. சூடை மீனின் வாசனை இரவு முழுவதும் எம் காலை விட்டு நீங்கவில்லை. வீட்டுக்கார முதியவள் நோவெண்ணெயுடன் வந்து, “உருவிவிட்டால் விடியக்குள்ளை ஓடுவாய்” என்றார். புதிய சுளுக்கை அழுத்தி உருவக்கூடாது என வைத்தியர் சொல்லியிருந்தார். எண்ணெயை அழுத்தாமற் பூசுவது என்று இரு பகுதியாருக்கும் சமாதானம் ஏற்பட்டது.

மறுநாட் காலை மற்றவர்கள் தீவு பார்க்கப் புறப்பட்டனர். நடக்கும் நிலையில் நாம் இல்லை. உடனே ஊர் திரும்பவும் வழியில்லை. அலையில் ஏறி இறங்கும் படகில் ஒற்றைக் காலால் ஏறுவது விபரீதமாகும். பெரியம்மாவைத் தம்பி அழைத்தார். அவரோ, “கால் ஏலாத பிள்ளையைத் தனிய விட்டிட்டு நான் என்னெண்டு வாறது?” என்று மறுத்துவிட்டார். திங்கட்கிழமை காலைப் படகில் திரும்புவதாக ஏற்பாடு. எமது கணுக்கால் வீக்கத்தினால், அவருடைய அறுபத்தெட்டு ஆண்டு ஆசை அந்த விறாந்தையிலேயே முடிந்துவிடுமோ என்ற கவலை, நோவினும் பெரிதாக எம்மை வருத்தியது.

பிள்ளைகள் மாலையிற் செய்திகளுடன் மீண்டனர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களிற் கொண்டு வரப்பட்ட குதிரைகளின் வழி வந்த மட்டக்குதிரைகளைத் தெற்கு வெளியிற் கண்டனராம். இக்குதிரைகள் வாழும் பகுதி 2015இல் தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. கோடையில் நீரின்றி அவை படும் துன்பம் பெரிது. உள்ளே ஆள் புகுந்து நிற்கக்கூடிய பொந்தினையுடைய பெருக்குமரத்தையும், முருகைக் கல்லாற் கட்டிய புறாக்கூட்டையும், இடிந்த கோட்டையையும் பார்த்திருந்தனர். பாறையிற் பெரும் பாதம்போற் பதிந்துள்ள பள்ளத்தைப் பற்றியும் கூறினர். அனுமனுடைய பாதம் என்பாரும் உளர். “அவருக்கும் இடக்கால்தானோ?” என்று இளைய பிள்ளை எம் காலை நோக்கிக் கேட்டான்.

ஞாயிறு பிற்பகல் வீக்கம் சற்று வற்றியிருந்தது. வீட்டுக்காரரின் மருமகன் தமது லாண்ட்மாஸ்டர் பெட்டியிற் பாய் விரித்து, “இரண்டு பேரும் ஏறுங்கோ, மெல்லமாய்க் கொண்டு போறன்” என்றார். எமக்குப் பூவரசந்தடியொன்றும் வெட்டித் தந்தார். அதனை நோகின்ற இடப்புறத்தில் ஊன்றினோம். பெரியம்மா பார்த்துவிட்டு, “அப்பிடியில்லைத் தம்பி, நோகிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையிலை பிடி. நோகிற காலும் தடியும் ஒண்டாய்ப் போகவேணும்” என்றார். பிடித்துப் பார்த்தோம். பாதிச் சுமையைத் தடி வாங்கிக்கொண்டது. வைத்தியர்கள் கற்பிப்பதும் இம்முறையே என்பதைப் பின்னர் அறிந்தோம். பத்தாண்டு முழங்கால் நோவு அவருக்கு அதனைக் கற்பித்திருந்தது.

ஒழுங்கைகள் மாறியிருந்தன. கோயிலொன்றையும் ஒரு திருப்பத்தையும் அடையாளம் வைத்து, இருமுறை தவறி, மூன்றாம் முறை வளவைக் கண்டுபிடித்தார். வீடு இல்லை. பனைகளும் கல்வேலியும் இருந்தன. உள்ளே செல்வதற்குக் கடப்பு ஒன்று இருந்தது, முழங்காலளவு உயரம். சிறுவன் ஒரு தாவலிற் கடப்பான். எமக்கோ ஒரு கால் ஊன்றாது. பெரியம்மாவுக்கோ ஒரு முழங்கால் மடியாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றோம். அறுபத்தெட்டு ஆண்டு கடந்து வந்தவர், முழங்காலளவு கல்லின் முன் நின்றுவிட்டார்.

அயல் வளவிலிருந்து ஒரு பெண் வந்தாள். வந்த காரணத்தைக் கேட்டாள். பின்பு ஒன்றும் சொல்லாமற் குனிந்து, கடப்பின் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வழியோரம் வரிசையாக வைத்தாள். ஒன்பது கற்கள். வழி தரைமட்டமாயிற்று. பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து உள்ளே போனார்.

கிணறு இருந்தது. அப்பெண் ஒரு வாளி நீர் அள்ளித் தந்தாள். பெரியம்மா கையில் ஏந்திக் குடித்தார். இத்தீவில் நன்னீர் அரிது. “அதே உவர்தான்” என்றார். கிணற்றுக் கட்டிலே சிறிது நேரம் அமர்ந்திருந்தார். நாமும் காலை நீட்டி அருகில் அமர்ந்தோம். இடையில் அவர் அழுததை நாம் கண்டோம், கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நல்ல காலுடன் வந்திருந்தால், அக்கிணற்றைப் படமெடுத்துக்கொண்டு, படகுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தியிருப்பவர்கள் எத்தனை பேர்! நோவுற்ற காலுக்கு அவசரம் இல்லை. முதுமையின் நடையும் எமது நடையும் அன்று ஒன்றாயிருந்தன.

நாம் வெளியே வந்ததும் அப்பெண் கற்களை மறுபடி அடுக்கினாள். எந்தக் கல் எங்கிருந்தது என்பது அவள் கைக்குத் தெரிந்திருந்தது. ஆடுமாடு புகாதபடி ஐந்து நிமிடத்தில் வேலி பழையபடி நின்றது. சீமெந்து மதிலாயிருந்தால் இது நடந்திராது.

திங்கட்கிழமை காலை இருவர் கைகொடுக்கப் படகேறினோம். கணுக்கால் முழுமையாகத் தேறுவதற்கு மூன்று வாரங்கள் சென்றன. வைத்தியரின் அறிவுரைப்படி, தினமும் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த ஒற்றைக் காலில் நின்று பழகினோம். ஒரு முறை சுளுக்கிய கால் மறுமுறையும் எளிதிற் சுளுக்கும் என்பதால், இப்பயிற்சியைக் கைவிடுதல் ஆகாது.

விடுமுறைக்குச் செல்லும் அன்பர்கள் பெட்டியின் ஒரு மூலையில் இழுபடும் பட்டித்துணி ஒன்றும், சில பனடோல் குளிசைகளும், குதியைப் பற்றிப் பிடிக்கும் சப்பாத்து ஒரு சோடியும் வைத்துக்கொள்ளுதல் நலம். வயது முதிர்ந்தோருடன் செல்வதாயின் இன்னும் ஒரு நாளைக் கூட்டிக்கொள்க. நெடுந்தீவுக்கே செல்வதாயின், கல்வேலிக் கடப்பொன்றைக் கடக்க நேரும்போது, எடுத்த கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருக.