தருமிக்குப் பொற்கிழி

திருவிளையாடல் கதையை எங்கள் ஊரில் யாரும் புத்தகத்தில் படித்ததில்லை. மைக் செட்டில் கேட்டதுதான். மாரியம்மன் பொங்கலோ காதுகுத்தோ, பந்தக்கால் ஊன்றிய கையோடு புளியமரத்தில் குழாயைக் கட்டிவிடுவார்கள். காலையில் சீர்காழியின் பிள்ளையார் பாட்டு. மதியம் பந்தி முடிந்து ஆட்கள் கண்ணயரும் நேரத்தில் படத்தின் கதை வசனம். மாடு மேய்க்கிற பையன்கூட நக்கீரருக்கு முன்னால் முந்திக்கொண்டு வசனம் சொல்வான். பரஞ்சோதி முனிவர் பாடியது 64 விளையாடல்கள் என்பதெல்லாம் எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்தது. அதுவரை, ஏ.பி. நாகராஜன் 1965-இல் படத்துக்கு எடுத்துக்கொண்ட சில கதைகள்தான் எங்களுக்கு மொத்தப் புராணமும்.

அப்பத்தாவுக்குப் படம் என்றால் கே.பி. சுந்தராம்பாள்தான். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்திருப்பாள். ஔவையார் திரையில் வந்து வாயைத் திறந்ததுமே முந்தானை கண்ணுக்குப் போய்விடும். முருகன் கோபித்துக்கொண்டு பழனிக்குப் போனதற்காக அவள் அழவில்லை என்று நினைக்கிறேன். கணவர் கிட்டப்பா 1933-இல் இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபதுகளில். அதற்குப் பிறகு வெள்ளைச் சேலைதான். 1935-இல் நந்தனாராக ஆண் வேடம் கட்டினார், 1953-இல் ஜெமினியின் ‘ஔவையார்’ ஆனார். அந்த அம்மா எதைத் தொலைத்துவிட்டுப் பாடுகிறார் என்பது கொட்டகையில் இருந்த அத்தனை பெண்களுக்கும் தெரியும். அப்பத்தாவும் வெள்ளைச் சேலைக்காரிதான். அவர்கள் இருவருக்கும் நடுவில் முருகன் ஒரு சாக்கு.

அற்புதங்கள் எனக்கு அப்போதே சப்பென்றுதான் இருந்தன. புகை வரும், ஆள் மறைவார், தாளம் அதிரும். வர்ணம் பூசிய கைலாயத்தைப் பார்த்து யாருக்கும் மெய்சிலிர்த்த மாதிரி நினைவில்லை. சிலிர்த்தது தருமிக்குத்தான். ஆயிரம் பொன் கைக்கு வராமல் போய்விட்டதே என்று சொக்கநாதர் சன்னிதியில் தனக்குத்தானே புலம்புகிற நாகேஷ். பக்கத்து வீட்டுக்காரரிடம் கைமாற்றுக் கேட்டுக் கிடைக்காமல் திரும்புகிறவனின் நடை, அதே வியர்வை, அதே வாய்முணுமுணுப்பு. தன்னைத் தூக்கிச் சாப்பிட்ட அந்தக் காட்சியில் ஒரு அடிகூட வெட்டக் கூடாது என்று சிவாஜியே சொல்லிவிட்டதாக நாகேஷ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சாமியிடம் தமிழில், அதுவும் சண்டைத் தமிழில் பேசலாம் என்று ஊருக்குத் தெரிந்தது அங்கேதான். தேவாரத்திலும் அது உண்டு. சுந்தரர் கேட்காத கேள்வியா? ஆனால் தேவாரம் எங்கள் ஊர் மைக் செட்டுக்கு வரவில்லை.

சித்தப்பா கறுப்புச் சட்டைக்காரர். கோயில் பக்கம் போகமாட்டார். இந்தப் படத்துக்கு மட்டும் வருவார், நக்கீரருக்காக. நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் பாட்டில் பிழை பிழைதான் என்கிற இடத்தில் விசில் அடிப்பார்.

“பாத்தியா ஆத்தா, சாமியவே தப்புங்கிறான்.”

“எரிச்சவரே மறுபடி எழுப்பியும் விட்டாருல்ல, அதையும் சேத்துப் பாருடா.”

இருவரும் ஒரே மணலில் உட்கார்ந்து ஒரே காட்சியைப் பார்த்தார்கள். அவளுக்கு அது கருணை, அவருக்குச் சுயமரியாதை. இத்தனைக்கும் நக்கீரராக நடித்தவர் நாகராஜனேதான். கடவுள் வேடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, கடவுளோடு மல்லுக்கு நிற்கிற இடத்தை இயக்குநர் தனக்கு வைத்துக்கொண்டதில் ஒரு பக்தி இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. சித்தப்பாவிடம் சொன்னால் அடிக்க வருவார்.

அவருக்கு இருந்த மனக்குறை வேறு. 1952-இல் ‘பராசக்தி’யில் கலைஞரின் வசனத்தோடு கோயிலுக்குள் புகுந்து கேள்வி கேட்ட அதே கணேசன், பதின்மூன்று வருஷத்தில் சடைமுடியோடு சிவனாகவே வந்து நின்றுவிட்டாரே என்பது. அடுத்து 1967-இல் ‘திருவருட்செல்வர்’ அப்பர் வேறு. அந்த அப்பரைப் பார்த்து அப்பத்தா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சித்தப்பா பீடி பிடிக்க வெளியே போய்விட்டார். முழுப் படமும் முடிகிறவரை வரவில்லை.

அவர் கடைசிக் காலத்தில் டிவியில் திரும்பத் திரும்பப் பார்த்தது ‘அன்பே சிவம்’. 2003 பொங்கலுக்கு வந்தபோது ஓடாத படம். டிவிதான் அதை வாழவைத்தது. வாய்க்கு வாய் சிவநாமம் சொல்லும் முதலாளிதான் அதில் வில்லன், கடவுள் நம்பிக்கையில்லாத தோழர்தான் நாயகன். யாரோ ஒரு சிறுவனுக்காக அழுகிறவனைக் காட்டி, அந்த மனசுதான் கடவுள் என்று அந்தத் தோழர் சொல்கிற இடத்தில் சித்தப்பா மூக்கை உறிஞ்சுவார், ஜலதோஷம் என்பார். தலைப்புக்கு மூலம் திருமந்திரம் என்று நான் சொன்னேன். “இருக்கட்டும், திருமூலர் நல்ல ஆளுதான்” என்றார். அவர் வாயால் ஒரு நாயனாருக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ் அதுதான். அப்பத்தா இருந்திருந்தால் விபூதி பூசிவிட்டிருப்பாள்.

மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு லீலை நடத்திக் காட்டுவார்கள். கரிக்குருவிக்கு உபதேசம், நாரைக்கு முக்தி, வளையல் விற்றது, பிட்டுக்கு மண் சுமந்தது. தருமிக்குப் பொற்கிழி அருளிய நாளில் ஒருமுறை மீனாட்சியம்மன் கோயில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். சுவாமியும் அம்மனும் சர்வ அலங்காரத்தில் வந்து நின்றார்கள். ஓதுவார் பாடினார், பட்டர் ஏதோ சொன்னார். நெரிசலில் ஒன்றும் காதில் விழவில்லை. எனக்கு முன்னால் நின்ற அம்மா, தோளில் தூங்கிய பேத்தியை மாற்றிப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்:

“அண்ணே, நாகேஷ் பொலம்புவாருல்ல, அந்த எடம் முடிஞ்சிருச்சா?”

“அதெல்லாம் முடிஞ்சிருச்சும்மா, காசு குடுக்கப் போறாக. பிள்ளைய எழுப்புங்க.”