சிவப்புப் படலம்

சித்திரை வந்தால் கோமுகி அணை சுருங்கிக் குளமாகிவிடும். 46 அடி அணை. 560 மில்லியன் கன அடி தேங்குகிற இடத்தில் பாளம் பாளமாய் வெடித்த வண்டல் கிடக்கும், அதில் ஆடு மேயும். மிஞ்சிய தண்ணீரில் ஜிலேபி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மண்புழுவைக் கோத்துப் போட்டால் தக்கை ஆடி அடங்குவதற்குள் இழுக்கும். 1952-ல் இலங்கையிலிருந்து வந்து நாடெங்கும் பரவிவிட்ட அந்த மீனைப் பிடிப்பதை மாமா மீன்பிடி என்றே ஒப்புக்கொள்ளமாட்டார். அவருக்கு விரால்தான் மீன்.

ஆடியில் கல்வராயன் மலைமேல் கருக்கும். கீழே கச்சிராயப்பாளையத்தில் ஒரு தூறல்கூட விழுந்திருக்காது. மறுநாள் பார்த்தால் செந்தண்ணி சருகும் வேருமாய் நுரைத்துக்கொண்டு இறங்கும். அந்தக் கலங்கலில் கெளுத்தி கடிக்கும்.

விராலுக்கு ஐப்பசி, கார்த்திகை வரவேண்டும். கரையோரக் கோரைக்குள் தண்ணீர் ஏறியிருக்கும். முழங்கால் தண்ணீரில் அசையாமல் நிற்கவேண்டும். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும். ‘களுக்’ என்று ஒரு சத்தம், ஒரு வளையம். அதற்கு ஒரு முழம் தள்ளி, முள்ளில் கோத்த சின்னத் தவளையைப் போட்டுத் தத்தவிடுவார் மாமா. அடுத்த நொடி மூங்கில் கழியின் நுனி தண்ணீருக்குள் போயிருக்கும்.

ஆனால் கோரை இடுக்கில் சிவப்பாய் ஒரு படலம் கொதிப்பதுபோல நகர்ந்தால் நரம்பைச் சுருட்டிவிடுவார். விரால் குஞ்சுகள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும்.

“குஞ்சு மேய்க்கிறதத் தொடாதடா.”

ஆறாம் வகுப்புக் கார்த்திகையில், மாமாவுக்குத் தெரியாமல் போனேன். சிவப்புப் படலத்தின் நடுவிலேயே தவளையைப் போட்டேன். காவல் நிற்கிற விரால் பசிக்குக் கடிப்பதில்லை, விரட்டத்தான் பாயும். பாய்ந்தது. முழ நீளம் இருந்தது. அம்மா மிளகாய் அரைத்துக் குழம்பு வைத்தாள். இலையில் உட்கார்ந்த மாமா, எங்கே பிடித்தாய் என்று கேட்டார். சொன்னேன். மீன் துண்டை ஓரமாய் ஒதுக்கிவிட்டு, ரசம் ஊற்றச் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாய் ஓடினேன். படலம் உடைந்திருந்தது. இன்னொரு விராலைக் காணவில்லை. கொத்துக் கொத்தாய்க் கொஞ்சம் குஞ்சுகள் மேலே வந்து வந்து போயின. அவற்றைச் சுற்றி ஜிலேபிகள். ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். விலகின, திரும்பி வந்தன. கைக்குக் கல் அகப்படும்வரை எறிந்துகொண்டே இருந்தேன்.