ஆள்காட்டி காட்டிக்கொடுத்த ஆள்

மே மாதம் லீவு கேட்டால் மானேஜர் வழக்கமாக, "ஊட்டியா, கொடைக்கானலா?" என்பார். "வானூர் பக்கம் சார், உப்பளம் பார்க்க" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று விசாரித்துக் கையெழுத்துப் போட்டார்.

புதுச்சேரி நண்பனின் பைக். விடியுமுன் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே முப்பத்தைந்து கிலோ மீட்டர் போனால் மரக்காணம். காலை ஆறு மணிக்கு உப்பளத்தில் இறங்கியபோது அங்கே பாதி வேலை முடிந்திருந்தது. வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது என்று, இருட்டிலேயே வந்துவிடுகிறார்கள். நீளக் கம்பின் முனையில் பலகை மாட்டி உப்பை இழுத்துக் கூட்டுகிறார்கள். பாதமெல்லாம் வெடிப்பு. வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தில், அரை மணியில் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வெயில் கொஞ்சம் கம்மியா இருந்தா தேவலையே?" என்றேன், அனுதாபமாக.

"இன்னா சார் நீ! வெயில் கொறைஞ்சா எங்களுக்குச் சோறு கொறையும்" என்றார் ஒருவர். ஒரு கோடை மழை பெய்தால் போதும், பாத்தியில் விளைந்தது கரைந்து போகும். நாம் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து திட்டுகிற வெயில்தான் இவர்களுக்கு முதலாளி.

உப்பளத்தை அடுத்து கழுவேலி ஏரி. வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கிறது. பாதி நல்ல தண்ணீர், பாதி உப்புத் தண்ணீர். தமிழ்நாட்டில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுதான். 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. குளிர்காலத்தில் வெளிநாட்டு வாத்துகளும் உள்ளான்களும் வந்து இறங்கும். கோடையில் தண்ணீர் சுருங்க, மீனும் ஒரே இடத்தில் சேர, கூழைக்கடாவுக்கும் நாரைக்கும் கல்யாண விருந்து! கரையோரம் பனைமரங்கள், முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல்.

அந்தப் புல்லில்தான் என் மானம் போயிற்று.

பத்து மணி இருக்கும். நுங்கு தின்றுவிட்டு ஒரு சிகரெட் பற்ற வைத்தேன். துண்டைச் சுண்டி எறிந்தேன், சினிமா ஹீரோ மாதிரி. தலைக்கு மேலே ஒரு பறவை 'கிறீச் கிறீச்'சென்று கத்திக்கொண்டே சுற்றியது. "உன் மூஞ்சியைப் பார்த்துப் பயப்படுதுடா" என்றான் நண்பன். சிரித்து முடித்துத் திரும்பினால், புல்லிலிருந்து புகை!

கையிலிருந்த மினரல் வாட்டரைக் கவிழ்த்தேன். தீ அதைக் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. செருப்பால் மிதித்தேன். செருப்பு உருகியது. அதற்குள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆயா, ஒரு கை பச்சை வேப்பங்கொப்போடு ஓடி வந்தார். ஓரத்திலிருந்து உள்பக்கமாக அடித்தார். எங்கள் கையிலும் ஆளுக்கொரு கொப்பைத் திணித்தார். பத்தே நிமிஷம், தீ அடங்கியது. ஆயா அடங்கவில்லை.

"படிச்ச புள்ளதானே நீ? இப்போ மேலக்காத்து அடிக்குது. நெருப்பு கடல்பக்கமா ஓடும். மத்தியானம் கடக்காத்து திரும்பும். அப்போ ஊர்ப்பக்கம் வரும். அங்கே அத்தனையும் கீத்துக் கொட்டாய். யார் வந்து அணைப்பா?"

"தெரியாமப் பண்ணிட்டேன் ஆயா..."

"உனக்குத் தெரியலை. அதுக்குத் தெரிஞ்சுது பாரு" என்று பறவையைக் காட்டினார்.

ஆள்காட்டி. கரிந்த இடத்திலிருந்து நாலு அடி தூரத்தில், வெறும் தரையில் சின்னப் பள்ளம். அதில் மண் நிறத்தில் நாலு முட்டை. காட்டினாலொழிய கண்ணுக்குத் தெரியாது. கோடையில்தான் இது முட்டை வைக்கும். அடைகாப்பது சூடு கொடுக்க மட்டுமல்ல. மத்தியான வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க, தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து மேலே உட்காருமாம். புதுத்துளிர் வரட்டும் என்று ஆட்டுக்காகப் புல்லைக் கொளுத்துபவர்களும் உண்டு. என்னைப் போல ஹீரோக்களும் உண்டு. எதுவானாலும் முதலில் போவது தரையில் கிடக்கிற இந்த முட்டைகள்தான்.

திரும்பும்போது, கிரீஸ் நாட்டைப் பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது. அங்கேயும் கடல், வெயில், காய்ந்த காடு. 2023 ஆகஸ்டில் எவ்ரோஸ் என்ற வட்டாரத்தில் பற்றிய தீ, 80,000 ஹெக்டேருக்கு மேல் தின்றது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினைந்து கழுவேலி! அரிய கருங்கழுகுகள் கூடு கட்டும் டாடியா காடும் அதில் சிக்கியது. விமானத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொட்டுகிற ஊரிலேயே அந்தக் கதி. நம்மிடம் இருந்தது ஒரு ஆயாவும் மூன்று வேப்பங்கொப்பும்.

பைக் ஏறுமுன் திரும்பிப் பார்த்தேன். ஆள்காட்டி தண்ணீரோரம் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு, குடுகுடுவென்று ஓடி வந்து முட்டைமேல் உட்கார்ந்தது. ஆயா புகைந்த இடத்தைக் காலால் மண் தள்ளி மூடிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மானேஜர் கேட்டார்: "உப்பளம் எப்படி?"

"நல்லா இருந்தது சார். சிகரெட்டை விட்டுட்டேன்."

மறுபடியும் மேலும் கீழும் பார்த்தார்.