ஏடும் கோப்பும்

இறையனார் களவியலுக்கு நக்கீரர் பெயரால் வழங்கும் உரை, தான் கடந்து வந்த வழியைத் தானே சொல்லிச் செல்கிறது. நக்கீரர் தம் மகனார் கீரங்கொற்றனாருக்கு உரைத்தார். அவர் தேனூர்கிழாருக்கு உரைத்தார். இவ்வாறே முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை அது கைமாறி வந்தது என்கிறது அப்பட்டியல். அதன் காலக்கணக்கைப் பற்றி ஆய்வாளர்கள் வாதிடட்டும். என்னை ஈர்ப்பது வேறொன்று. ஒரு நூல் பிழைத்திருக்க வேண்டுமானால், அதைத் திறக்கத் தெரிந்த ஒருவர் அடுத்தவரிடம் ஒப்படைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கீரமங்கலத்துக்காரனுக்கு நக்கீரர் நினைவு வருவதில் வியப்பில்லை. எங்கள் மெய்நின்றநாதர் கோயில் தடாகத்தில் 81 அடி உயரச் சிவபெருமானுக்கு முன்னே அவருக்கும் சிலை உண்டு. ஊர்ப்பெயரில் இருக்கும் கீரன் அவரே என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. ஆனால் இக்கட்டுரை ஏட்டுச்சுவடிகளைப் பற்றியதன்று. நம் வீட்டு அலமாரிகளில் உறங்கும் வீடியோக்களைப் பற்றியது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், எங்கள் பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. அதன்பின் சில மாதங்கள் கழித்து, கணினி அறிந்தவன் என்பதற்காக என்னைத் தேடி ஓர் அம்மையார் வந்தார். கையில் மூன்று விசிடி தட்டுகள். 2003இல் அவர்கள் தோப்பிலேயே பந்தலிட்டு நடந்த மகளின் திருமணம். தட்டுகள் மழையில் நனைந்து, மண் பட்டு, கீறியிருந்தன. காட்டிய இடத்தில் எல்லாம் போய்விட்டது என்று கையை விரித்துவிட்டார்களாம். படத்தில் இருந்த தோப்பு இன்றில்லை. அவர் கணவரும் இன்றில்லை.

திருவிளையாடற் கதையில் நக்கீரர் முன் எழும் வினா, குற்றம் சொல்லிலா பொருளிலா என்பது. திறக்க மறுக்கும் வீடியோ முன்னும் முதலில் எழ வேண்டிய வினா அதுவே. எம்பி4, ஏவிஐ, எம்கேவி என்று கோப்புப் பெயரின் வாலில் நாம் காண்பவை வெறும் பெட்டிகள். பெட்டிக்குள் படத்தையும் ஒலியையும் சுருக்கி வைத்திருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். 2003இல் வந்த எச்.264 முறையும், 2013இல் வந்த எச்.265 முறையும் ஒரே எம்பி4 பெட்டிக்குள் இருக்கக்கூடும். புதிய கைப்பேசியில் எடுத்த காட்சி, பழைய கணினியில் ஒலி மட்டும் கேட்டுப் படம் கறுத்து நின்றால், கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டவேண்டாம்; அக்கணினிக்கு அம்முறையைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவே. பல முறைகளையும் அறிந்த விஎல்சியில் திறந்து பாருங்கள். வாலை மட்டும் மாற்றி எழுதிப் பயனில்லை. அகநானூற்றின் அட்டையில் புறநானூறு என்று எழுதினால் உள்ளிருக்கும் தலைவியும் தோழியும் போர்க்களம் புகுவார்களா?

பெட்டிதான் தடை என்றால், உள்ளிருப்பதைக் கலைக்காமல் எடுத்து வேறு பெட்டியில் வைக்கலாம். எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மென்பொருள் அதனை நொடிகளில் செய்யும். தரம் சிறிதும் குறையாது. அவ்வாறின்றி, கன்வர்ட்டர்களில் மீண்டும் மீண்டும் போட்டு எடுத்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவு குறையும். ஏட்டைப் பார்த்து எழுதிய ஏட்டில், எழுதுவோர் பிழை சேர்ந்துகொண்டே போவது போலத்தான்.

கைப்பேசியில் பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்கலம் தீர்ந்துவிடும். மறுநாள் பார்த்தால் கோப்பு பெரிதாக இருக்கும், ஆனால் திறக்காது. எந்தக் காட்சி எங்கே உள்ளது என்னும் அட்டவணையை எம்பி4 பெரும்பாலும் பதிவு முடிந்த பிறகே எழுதுகிறது. முடிவு நேராததால் அட்டவணையும் இல்லை. கயிறு அறுந்து, ஏட்டெண்ணும் இல்லாத சுவடிக்கட்டு அது. ஏடுகள் அங்கேயேதான் கிடக்கின்றன. அதே கைப்பேசியில் அதே அமைப்பில் எடுத்த நல்ல பதிவொன்றை மாதிரியாகக் கொடுத்தால், அட்டவணையை மீண்டும் கட்டித் தரும் மென்பொருள்கள் உண்டு. ஆகவே திறக்காத கோப்பை அழித்துவிடாதீர்கள்.

படத்தொகுப்பில் நுழையும் மாணவர்கள் கொண்டுவரும் குறைகளும் பெரும்பாலும் இவ்வகையினவே. உதடு முந்த, குரல் பிந்துகிறது என்பார்கள். கைப்பேசிகள் ஒளிக்கேற்ப நொடிக்கு இத்தனை சட்டம் என்பதைக் கூட்டியும் குறைத்தும் பதிவு செய்கின்றன. தொகுப்பு மென்பொருளோ சீரான கணக்கை எதிர்பார்க்கிறது. ஹேண்ட்பிரேக் கொண்டு சட்ட எண்ணிக்கையை நிலையாக்கிய பிறகு தொகுத்தால் குறை தீரும். 16 ஜிபி பென்டிரைவில் 5 ஜிபி கோப்பு ஏறவில்லை என்பார்கள். ஃபேட்32 அமைப்பு 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. உள்ளிருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் அமைப்புக்கு மாற்றினால் போதும். தொகுத்த படம் காணவில்லை, சிவப்புத் திரை நிற்கிறது என்பார்கள். தொகுப்புத் திட்டக் கோப்பில் படங்கள் இல்லை. அவை இருக்கும் இடத்தின் முகவரிகளே உள்ளன. கோப்புறையை நகர்த்தியிருப்பார்கள்.

தமிழுக்கே உரிய துன்பமும் ஒன்று உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தலைப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டிக் கிடக்கும். அதனை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வசன வரிகள் கேள்விக்குறிகளாக நின்றால், அக்கோப்பை யுடிஎஃப்-8 முறையில் மீண்டும் சேமித்துப் பார்க்க வேண்டும். கேள்விக்குறியாகவே சேமித்துவிட்டிருந்தால் மூலத்தைத்தான் தேட வேண்டும்.

இனி அந்த விசிடிகள். விசிடியில் இருப்பது எம்பெக்-1 முறையில் 352×288 புள்ளிகளால் ஆன படம். ஒரு தட்டில் 74 நிமிடம் அடங்க வேண்டும் என்பதற்காக, தரவுத் தட்டுகளில் உள்ள கூடுதல் பிழைதிருத்த ஏற்பாட்டை விசிடியில் விட்டுவிட்டார்கள். எனவே கீறல் பட்ட இடத்தில் படம் கட்டம் கட்டமாகச் சிதறும். வழக்கம்போல் நகலெடுத்தால் படிக்க இயலாத முதல் இடத்திலேயே கணினி நின்றுவிடும். 'போய்விட்டது' என்று சொன்னவர்கள் அங்கேயே நின்றவர்கள். வெறும் நீரில் கழுவி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து, கெட்ட இடங்களைத் தாண்டி நல்லவற்றை முதலில் எடுத்துக்கொண்டு பிறகு திரும்பிவந்து முயலும் மீட்பு மென்பொருளிடம் ஓர் இரவு முழுவதும் விட்டேன். தாலி கட்டும் காட்சி சிதறியேதான் வந்தது. பந்தியில் நின்று, விடுபட்ட இலைகளைக் காட்டிப் பரிமாறச் சொல்லும் பெண்ணின் தகப்பனார் குரல் முழுமையாகக் கிடைத்தது.

தாலி கட்டும் காட்சிக்காக வருந்தினேன். அம்மையார் வருந்தவில்லை. "தாலி கட்டுன போட்டோ செவுத்துலயே தொங்குது சார். அவுக கொரலு வேற எங்க இருக்கு?" என்றார்.

ஆகவே நண்பர்களே, மூலத்தில் கை வைக்காதீர்கள். நகலில் வேலை செய்யுங்கள். இரண்டு இடங்களில் வையுங்கள்; ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். வீட்டு விசேஷத்தின்போதாவது ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். ஃபுனாய் நிறுவனம் 2016இல் விசிஆர் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. தட்டு செருகும் இடமில்லாத மடிக்கணினிகளே இப்போது கடைகளில் மிகுதி. வீட்டில் விஎச்எஸ் நாடாவோ விசிடியோ இருந்தால், படிக்கும் கருவி கிடைக்கும்போதே மாற்றிவிடுங்கள். மாற்றிய பின், அதில் இருப்பவர் யார் யார் என்று ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பிள்ளையிடம் சொல்லிக் கொடுங்கள். கீரங்கொற்றனார் செய்ததும் அதுதான்.