ஓசூரில் ஒரு சைனா டவுன்

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் டீயைத் தமிழில் கேட்கலாம், கன்னடத்தில் கேட்கலாம், தெலுங்கில் கேட்கலாம். எதில் கேட்டாலும் அதே டீதான் வரும். சிப்காட் பக்கம் போனால் நாலாவதாக இந்தி. அங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைத்தெருவில் நடந்தால் ஒடியா, வங்காளம், அசாமியா என்று காதில் விழுந்துகொண்டே இருக்கும். தமிழ்நாடு ஜூஜுவாடியோடு முடிகிறது என்பது மேப்புக்குத்தான் தெரியும்.

இந்த ஊர் வளர்ந்ததே வந்தவர்களால்தான். எழுபதுகளில் சிப்காட் வந்தது. 1980-ல் டி.வி.எஸ். 50 ஓட ஆரம்பித்தது. லேலண்ட் லாரி, டைட்டன் வாட்ச் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மதுரைக்காரரும் நெல்லைக்காரரும் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். அன்றைக்கு அவர்கள்தான் 'வெளியூர் ஆளுங்க'. இன்றைக்கு அவர்கள் ஹவுஸ் ஓனர்கள். வீடு கேட்டு வரும் ஜார்க்கண்ட் பையனைப் பார்த்து, "வெளியூர் ஆளுங்களா? அட்வான்ஸ் ஜாஸ்தி" என்கிறார்கள்.

அப்படி ஒரு ஓனர் வீட்டில்தான் அந்தப் புத்தகத்தைப் பார்த்தேன். டூல் ரூமில் முப்பது வருஷம் இருந்து ரிடையர் ஆனவர், மதுரைக்காரர். மகள் இருப்பது சான்பிரான்சிஸ்கோவில். அங்கே பழைய புத்தகக் கடையில் வாங்கி அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறாள்.

"தம்பி, கையைக் கழுவிட்டு வாங்க" என்றார். கழுவினேன். "துடைச்சீங்களா?" துடைத்தேன். அப்புறம்தான் கையில் கொடுத்தார்.

'பிக்சர்ஸ் ஆஃப் ஓல்ட் சைனா டவுன்'. 1908-ல் வந்தது. படங்கள் ஆர்னால்ட் கெந்தே, எழுத்து வில் இர்வின். முதல் பக்கத்தில் மங்கிப்போன இங்க்கில் யாரோ யாருக்கோ அன்பளிப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"இந்தக் கையெழுத்து இருக்கறதால விலை கூடவாம், தம்பி."

"யார் கையெழுத்து சார்?"

"யாருக்குத் தெரியும்?"

உள்ளே இருக்கிற படங்களின் கதை பெரிசு. கெந்தே ஜெர்மன்காரர். 1895-ல் சான்பிரான்சிஸ்கோவுக்கு டியூஷன் வாத்தியாராக வந்தவர், சீனர்கள் வாழ்ந்த தெருக்களைப் பார்த்துச் சொக்கிப்போனார். கேமராவைக் கண்டால் ஜனங்கள் ஒதுங்கினார்கள். இவர் சின்ன கேமராவை மறைத்து வைத்துக்கொண்டு, தெருமுனைகளில் காத்து நின்று எடுத்தார். 1906 ஏப்ரல் 18-ல் பூகம்பம், தொடர்ந்து தீ. அவர் ஸ்டூடியோவும் சாம்பல், சைனா டவுனும் சாம்பல். இந்த நெகட்டிவ்கள் மட்டும் தப்பின. இர்வின் நச்சரித்ததால் அவற்றை முன்பே பெட்டகத்தில் வைத்திருந்தார்.

ஆனால் படத்தில் பார்ப்பதையெல்லாம் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஜான் குவோ வெய் சென் என்ற வரலாற்று ஆய்வாளர் 1984-ல் ஒரு புத்தகம் போட்டு, கெந்தே செய்த கைவேலையை வெளியே கொண்டுவந்தார். படங்களில் இருந்த இங்கிலீஷ் போர்டுகளையும் வெள்ளைக்கார உருவங்களையும் கெந்தே அழித்திருக்கிறார், வெட்டியிருக்கிறார். அவருக்கு வேண்டியது அசல் சீனா. அமெரிக்கத் தெரு அல்ல.

அந்தத் தெருவோ அமெரிக்காவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. சீனத் தொழிலாளி உள்ளே வரக் கூடாது என்று 1882-லேயே சட்டம். தீக்குப் பிறகு, சைனா டவுனை ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் தள்ளிவிட நகரத்துப் பெரிய மனிதர்கள் பார்த்தார்கள். சீனர்கள் நகர மறுத்து அதே இடத்தில் கட்டிக்கொண்டார்கள். பிறப்புப் பதிவேடுகளும் எரிந்துபோனதில் ஒரு வசதி. 'நான் இங்கேதான் பிறந்தேன்' என்று பலர் பதிவு செய்துகொண்டு, காகிதத்தில் மட்டும் பிள்ளைகளான பையன்களையும் சீனாவிலிருந்து வரவழைத்தார்கள். சட்டம் ரத்தானது 1943-ல்.

நம்ம பக்கமும் இப்படி ஒன்று உண்டு. நீலகிரியில் நடுவட்டம். 1860-களில் சின்கோனா தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். விடுதலையானவர்களில் சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே தங்கி, தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு, காய்கறியும் காபியும் பயிரிட்டு, மாடு வளர்த்துப் பிழைத்தார்கள். சென்னை மியூசியத்து எட்கர் தர்ஸ்டன் அங்கே போனார். ஒரு குடும்பத்தை நிற்க வைத்து, தலை எவ்வளவு, மூக்கு எவ்வளவு என்று அளந்து அட்டவணை போட்டார். அப்பா, அம்மா, பெண், பையன் என்று இருக்கிறது. பெயர் இல்லை.

இதைச் சொன்னதும் டூல் ரூம்காரர் சிரித்தார். "அளவு கரெக்ட்டா எடுத்திருப்பான். பேர்தான் ஸ்பெசிஃபிகேஷன்ல இல்ல போலிருக்கு."

2022-ல் ஜார்க்கண்டிலிருந்து பெண்கள் ரயிலேறி ஓசூருக்கு வந்தார்கள், ஐபோன் பாகங்கள் செய்யும் டாடா ஆலை வேலைக்கு. லைன் வீடுகளில் ஷிப்டு ஷிப்டாகத் தூங்கும் பையன்களைப் பற்றி நம்மிடம் இருக்கும் ஒரே போட்டோ, வாடகைக்கு வரும்போது கொடுத்த ஆதார் ஜெராக்ஸ். அதில் மூஞ்சி கறுப்பாகத்தான் தெரியும். பக்கத்து மெஷினில் நிற்பவரை, கேட்டுக்கொண்டு, செல்போனில் ஒரு படம் எடுங்கள். பெயர், ஊர், தேதி போட்டு அவருக்கே அனுப்புங்கள். காசா, பணமா?

கிளம்பும்போது மாடியில் பாட்டுச் சத்தம் கேட்டது.

"யார் சார் மேலே?"

"மேல் போர்ஷன் ஒடிசா" என்றார்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் யாரோ ஒரு ஓனர், 'பின் போர்ஷன் மதுரை' என்று இவரைச் சொல்லியிருப்பார்.