சால்ம் ஆற்றங்கரையில் ஒரு மஞ்சள் கல்

மாங்கன்று உற்பத்தி செய்யும் வாசகர் ஒருவர் போன மாதம் கேள்வி-பதில் பகுதியில் கேட்டிருந்தார்: "ஒட்டுக் கத்தியை எத்தனை முறை தீட்டினாலும் இரண்டே நாளில் மழுங்கிவிடுகிறது. எந்தக் கல்லில் தீட்டுவது?" எனக்குத் தெரிந்ததை இரண்டு வரியில் எழுதிப் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது பெல்ஜியம் வரை போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள், அவருக்கான பதிலும் வருகிறது.

எங்கள் ஊர் கிருஷ்ணகிரி பக்கம். அப்பா ஊருக்கு முடிவெட்டி, சவரம் செய்தவர். வருஷம் முழுக்கச் செய்த வேலைக்கு அறுவடை சமயத்தில் களத்துக்குப் போய் ராகியும் நெல்லும் வாங்கி வருவார். அவருடைய அடைப்பத்தில் இரண்டு சவரக்கத்தி, ஒரு கத்தரி, தண்ணீர்க் கிண்ணம், தோல் வார், உள்ளங்கை நீளத்தில் ஒரு கறுத்த கல். கல்லை மட்டும் தனியாகத் துணியில் சுற்றி வைத்திருப்பார்.

எனக்குப் பதினான்கு வயது இருக்கும். அவர் இல்லாத நேரத்தில், உதவி செய்கிறோம் என்ற நினைப்பில், ஒரு சவரக்கத்தியை எடுத்து அரிவாள் தீட்டும் சொரசொரப்புக் கல்லில் நாலு இழு இழுத்தேன். கத்தியின் வாயில் இரண்டு இடத்தில் பல் விழுந்தது. அப்பா வந்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடிக்கவில்லை. கத்தியை மடக்கி உத்தரத்தில் செருகிவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு ஒரு நாளும் என்னைக் கத்தி பிடிக்கச் சொன்னதில்லை. நான் மண்வெட்டி பிடித்தேன், ஒன்றரை ஏக்கரில் மா வைத்தேன். அவர் போன பிறகு அடைப்பமும் கல்லும் எங்கே போயின என்று தெரியவில்லை. உத்தரத்தில் இருந்த அந்தப் பல் விழுந்த கத்தி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

மகள் பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். போன ஏப்ரலில் என்னை வரச் சொன்னபோது, "அப்பா, இங்கிருந்து ரயிலில் போகிற தூரத்தில்தான் சவரக்கத்தி தீட்டும் கல் வெட்டிய ஊர் இருக்கிறது. தாத்தா கத்தியையும் எடுத்து வாங்க" என்றாள். பெரிய பெட்டியில் வைத்து விமானத்தில் போட்டேன். கைப்பையில் வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே பிடுங்கியிருப்பார்கள்.

லியேஜிலிருந்து தெற்கே போகும் ரயில், ஆற்றை ஒட்டியே வளைந்து வளைந்து ஆர்டென் மலைக்காட்டுக்குள் ஏறுகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். வியேசால்ம் என்ற நிலையத்தில் இறங்கி, சால்ம் ஆற்றோரமாக நடந்தால் சால்ம்ஷாதோ என்ற சிற்றூர். ஏப்ரலிலும் கை விறைக்கிற குளிர். இரண்டு பக்கமும் மேய்ச்சல் நிலம், அதற்கு மேலே ஊசியிலை மரங்கள். வீட்டுக் கூரையெல்லாம் ஓட்டுக்குப் பதில் பலகைக் கல். மலையிலிருந்து தகடு தகடாக உரித்த கல்.

வழியில் ஒரு மேய்ச்சலில் நின்ற மாடுகளைப் பார்த்து நின்றுவிட்டேன். பின்னங்கால் சதை இரண்டு மடங்காகத் திரண்டு, மல்யுத்தக்காரன் மாதிரி இருந்தன. பெல்ஜியன் புளூ என்ற இறைச்சி இனமாம். கன்று பெரிதாக இருப்பதால் பெரும்பாலும் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்றாள் மகள். நம் ஊர் மாட்டுக்காரர் யாரும் அந்தத் தொல்லைக்கு ஒப்பமாட்டார்கள். இந்த ஊரில் எடுக்கும் தீட்டுக்கல் ஒன்றுக்கும் அதே பெயர்தான் என்று அப்புறம் தெரிந்தது.

பழைய கல் பட்டறை ஒன்றைத்தான் சால்ம்ஷாதோவில் காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லுக்குப் பெயர் கோட்டிக்யூல். பாறையை வெட்டிய பக்கம் பார்த்தால் ஊதா கலந்த நீலக் கல். அதன் நடுவே பனங்கிழங்கு நிறத்தில் ஒரு மஞ்சள் பட்டை. சில இடத்தில் அந்தப் பட்டை விரல் கனம்கூட இல்லை; உள்ளங்கை அகலம் வந்தால் அதிர்ஷ்டம். சுமார் 48 கோடி வருஷத்துக்கு முன் கடலடியில் படிந்த சேறு, மலை எழும்பியபோது நெருக்குண்டு மடிந்து இப்படி ஆனதாம். படிவு மடிந்து செங்குத்தாகச் சாய்ந்திருப்பதால், மஞ்சள் கோட்டைத் துரத்திக்கொண்டு சுரங்கம் தோண்டிக் கீழே போனார்கள். நம் ஊரில் கிணற்றுக்குள் ஊற்றுக்கண்ணைத் தேடிப் போவது மாதிரி.

மஞ்சளில் என்ன விசேஷம்? அதற்குள் செம்மணிக்கல் என்று சொல்கிற கார்னெட் மணிகள் நிறைந்திருக்கின்றன. கல்லில் 30 முதல் 40 சதவீதம் வரை அதுதான். ஒரு மணியின் அளவு 5 முதல் 15 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் மைக்ரான். அந்த மணி பன்னிரண்டு முகம் கொண்டு உருண்டையாக இருப்பதால் எஃகை ஆழமாகக் கீறாமல், மேலோட்டமாகச் சீவி எடுக்கிறது. நீலக் கல்லிலும் இந்த மணி உண்டு, குறைவு. அதனால் அது மெதுவாக வேலை செய்யும், விலையும் குறைவு. மஞ்சள் மெல்லியது, எளிதில் உடையும் என்பதால் பலகைக் கல்லை அடியில் ஒட்டி விற்கிறார்கள்.

ஒரு காலத்தில் உலகம் முழுக்கச் சவரக் கடைகளுக்கு இங்கிருந்து கல் போனது. 1900-களின் தொடக்கத்தில் கில்லெட்டின் தூக்கி எறியும் பிளேடு வந்தது. தொழிற்சாலையில் செய்த தீட்டுக்கல்லும் மலிந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடி, 1980 வாக்கில் கடைசிச் சுரங்கமும் நின்றது. 1990-களின் கடைசியில் பக்கத்து லியேர்னோ பகுதியில் ஒரு குடும்பத் தொழிலாக மறுபடி வெட்ட ஆரம்பித்து இப்போதும் நடக்கிறது. நம் ஊர்க் கதையும் இதேதான், எண்பதுகள் தொண்ணூறுகளில். ஒருவருக்குப் போட்ட கத்தியை அடுத்தவருக்குப் போடக்கூடாது என்று எய்ட்ஸ் பயத்தில் பாதி பிளேடு வந்தது. அது சரியான மாற்றம், அதில் எனக்குச் சண்டை இல்லை. அப்பாவுக்கும் இல்லை. "நல்லதுதான்" என்பார். ஆனால் தோல் வாரை ஆணியிலிருந்து கழற்றவே இல்லை.

காட்சியகத்தில் இருந்த பெரியவரிடம் கத்தியைக் காட்டினேன். மகள் பிரெஞ்சில் பேசினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் வாயைப் பார்த்தார். அப்பா பார்த்த அதே மாதிரி. முதலில் துருவைத்தான் கேட்டார். துரு தின்ற குழி வாய் வரைக்கும் வந்திருந்தால் எந்தக் கல்லும் காப்பாற்றாது, நல்ல வேளையாக முதுகுப் பக்கம்தான் இருக்கிறது என்றார். பிறகு பல் விழுந்த இடத்தை நகத்தால் தடவி, "இதற்கு மஞ்சள் கல் இல்லை" என்றார். பல்லை எடுப்பது முரட்டுக் கல்லின் வேலை. 1000 எண் போட்ட செயற்கைக் கல்லில் வாயை ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் இங்கே வர வேண்டுமாம். ஆயிரம் மைல் தாண்டி வந்தவனிடம் அப்படிச் சொன்னது கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது.

ஆனாலும் தன்னுடைய கத்தி ஒன்றை எடுத்து வந்து செய்து காட்டினார். கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர். எண்ணெய் கூடாது. அதே கல்லின் சின்னத் துண்டால் மேலே தேய்த்தார், மோர் மாதிரிக் குழம்பு வந்தது. கல்லிலிருந்து கழன்ற கார்னெட் மணிகள்தான் அதில் மிதக்கின்றன. கத்தியைப் படுக்கையாக வைத்தார், முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொட்டன. முதுகைத் தூக்கவே கூடாது; சவரக்கத்தியின் கோணம் அதன் முதுகிலேயே இருக்கிறது. வாய் முன்னே போகும்படி தள்ளி, கடைசியில் முதுகின் மேல் புரட்டி, மறு பக்கம் திரும்பி வந்தார். வாயின் மேல் புரட்டினால் அத்தோடு போச்சு. கை அழுத்தமே இல்லை, கத்தியின் எடைதான். குழம்பு சாம்பல் நிறமாகியது, எஃகு அதில் இறங்கிவிட்டது.

அப்புறம்தான் அசல் வேலை. குழம்பு வேகமாகச் சீவும், ஆனால் ஒரு அளவுக்கு மேல் கூர் ஏற விடாது. அதனால் சில தடவைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விட்டு நீர்க்க வைத்தார். கடைசியில் வெறும் தண்ணீரில் தீட்டினார். பதினைந்து இருபது நிமிஷம் ஆகியிருக்கும். பிறகு தோல் வாரில், இந்த முறை முதுகு முன்னே போகும்படி, ஐம்பது தடவை. முழங்கை மயிரில் வைத்ததும் சத்தமில்லாமல் உதிர்ந்தது. அந்த வாரின் 'சளக் சளக்' சத்தம் கேட்டபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

இயற்கைக் கல் என்பதால் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஒன்று சீக்கிரம் குழம்பு விடும், ஒன்று கறாராக இருக்கும். வாங்கும்போது ஈரத்துணியால் துடைத்து, குறுக்கே வெடிப்பு இருக்கிறதா, நகத்தில் தட்டுகிற மாதிரி கடினமான கோடு ஓடுகிறதா என்று பார்க்கச் சொன்னார். மெல்லிய கறுப்புக் கோடு பெரும்பாலும் அழகுக் குறைதான், விலை குறைய அது ஒரு சாக்கு. நாலு பக்கமும் சீராக அறுத்த கல்லைவிடக் கோணல் துண்டு மலிவு, வேலையில் வித்தியாசம் இல்லை. நான் ஒரு கோணல் துண்டை வாங்கினேன். நம் பணத்தில் ஏழாயிரத்துக்குப் பக்கம். அப்பாவின் கல் கறுப்பு. இது அது இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது அந்த வாசகருக்கு. ஒட்டுக் கத்திக்கு இந்த விலைக் கல் தேவையே இல்லை. ஒரு பக்கம் 1000, மறு பக்கம் 3000 எண் இருக்கும் செயற்கைக் கல் ஒன்றும், பழைய தோல் பெல்ட் ஒன்றும் போதும். உங்கள் கத்தி இரண்டு நாளில் மழுங்க ஒரு காரணம் பிசிறாக இருக்கலாம். தீட்டியதும் வாயில் நூல் மாதிரி மெல்லிய பிசிறு மறுபக்கம் மடங்கி நிற்கும். விரலுக்குக் கூராகத் தெரியும், பத்துக் குச்சி சீவியதும் அது முறிந்துவிடும். பெரும்பாலான ஒட்டுக் கத்திக்கு ஒரு பக்கம்தான் சரிவு. சரிவுப் பக்கத்தை நிறையத் தீட்டி, தட்டையான பக்கத்தைக் கல்லில் முழுதாகப் படுக்க வைத்து மெல்ல இரண்டு தடவை தள்ளி, பிசிறை எடுத்துவிடுங்கள். அப்புறம் தோலில் இருபது தடவை. தட்டைப் பக்கத்தைச் சாய்த்துத் தீட்டிவிட்டால் வெட்டு வளையும், ஒட்டும் குச்சியும் வேர்க்கன்றும் நடுவில் இடைவெளி விடும். மண் ஒட்டிய தண்டைத் துடைக்காமல் சீவுவதும், மாம்பாலைக் கத்தியில் காயவிடுவதும் கூரைத் தின்றுவிடும். கல் நடுவில் குழிந்திருந்தால் கண்ணாடி மேல் ஈர உப்புத்தாளை வைத்து அதில் தேய்த்துச் சமமாக்குங்கள். வெற்று அரிவாளுக்கு நம் ஊர் முரட்டுக் கல்லே சரி, தாளை அறுக்கக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். கருக்கரிவாளை எந்தத் தட்டைக் கல்லிலும் வைக்காதீர்கள்.

அப்பாவின் கத்தியை ஊருக்கு வந்து மூன்று சாயங்காலம் முரட்டுக் கல்லில் தேய்த்தேன். ஒரு பல் போய்விட்டது. பிடிப்பக்கம் இருந்த இன்னொன்று பாதிதான் போனது. முழுதாக எடுக்கப் போனால் கத்தியே பாதி தேய்ந்துவிடும் என்று நிறுத்தினேன். பிறகு மஞ்சள் கல், குழம்பு, சொட்டுத் தண்ணீர். முதல் தடவை முழங்கை மயிரைப் பிடுங்கியது. நாலாவது தடவையில் உதிர்ந்தது. என் முகத்துக்கு நானே போட்டுப் பார்த்தேன், தாடைக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு. மருமகன் செல்போனில் படம் எடுத்துச் சிரித்தார். ஆடியில் பெங்களூரா கன்றுக்கு ஒட்டுக் கட்ட உட்காரும்போது, ஒட்டுக் கத்தியை அந்தக் கல்லிலேயே கடைசியாக இரண்டு இழு இழுத்துவிட்டு, துணியில் சுற்றி வைக்கிறேன்.