ராஜா கட்சி

பாஸ்டன் துறைமுகத்தில் ஒரு கப்பல் அருங்காட்சியகம் உண்டு. டிக்கெட் வாங்கி உள்ளே போனால் ஒரு அட்டையும் ஒரு பறவை இறகும் தருகிறார்கள். அட்டையில் 1773-இல் அந்த ஊரில் வாழ்ந்த ஒருவரின் பெயர் இருக்கும். சுற்றிப் பார்த்து முடிக்கும்வரை நீங்கள்தான் அந்த ஆள். புரட்சித் தலைவர் சாமுவேல் ஆடம்ஸ் வேடமிட்டவர் மேடையேறி, பிரிட்டன் விதித்த தேயிலை வரியைப் பற்றி முழங்குவார். பிடித்தால் ‘ஹுஸா’ என்று கத்த வேண்டும், பிடிக்காவிட்டால் ‘ஃபை’. பிறகு கப்பலேறித் தேயிலைப் பெட்டியைக் கடலில் எறியலாம். பெட்டிக்குக் கயிறு கட்டியிருப்பார்கள். இழுத்து மேலே போட்டால் அடுத்த புரட்சிக்காரருக்குத் தயார்.

மகளின் ஐந்தாம் வகுப்பை அங்கே அழைத்துப் போனபோது துணைக்கு நானும் போயிருந்தேன். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் காது அடைத்துவிட்டது. திரும்பும் வழியில் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பையனிடம், “பெட்டியை ஏன்டா எறிஞ்சே?” என்று கேட்டேன். “டீ விலையை ஏத்திட்டாங்கல்ல!” என்றான்.

நடந்தது நேர்மாறு. 1773-இல் வந்த தேயிலைச் சட்டத்தால் விலை குறையத்தான் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. ஐதர் அலி படையோடு சென்னைக்கு அருகில் வந்து நின்ற 1769-இல் லண்டனில் கம்பெனிப் பங்குகள் சரிந்தன. அடுத்த ஆண்டு வங்காளத்தில் பெரும் பஞ்சம். லண்டன் கிடங்குகளிலோ விற்காத தேயிலை குவிந்து கிடந்தது. கம்பெனியைக் காப்பாற்ற, அதை நேரே அமெரிக்காவுக்கு அனுப்பி மலிவாக விற்க பார்லிமென்ட் வழி செய்து கொடுத்தது. ஆனால் பவுண்டுக்கு மூன்று பென்ஸ் என்ற பழைய வரி மட்டும் அப்படியே இருந்தது. வாங்கிக் குடித்தால் அந்த வரியை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். கள்ளக்கடத்தல் தேயிலை விற்றவர்களின் பிழைப்பும் போய்விடும். கொள்கையும் வயிற்றெரிச்சலும் சேர்ந்துதான் சுமார் 340 பெட்டிகளைக் கடலில் தள்ளின. (உள்ளே இருந்தது சீனத் தேயிலை. நீலகிரியில் அப்போது தேயிலைத் தோட்டமே கிடையாது.)

இதையெல்லாம் ஆடம்ஸ் வேடக்காரர் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பின்னால் அடுத்த கூட்டம் நிற்கிறது. என் குறை அதுவல்ல. எங்கள் கூட்டத்தில் யார் கையிலும் ராஜா கட்சிக்காரரின், அதாவது புரட்சியை எதிர்த்துப் பிரிட்டிஷ் ராஜாவின் பக்கம் நின்றவரின், அட்டை இருந்ததாகத் தெரியவில்லை. எல்லாரும் ஒரே பக்கம் நின்று எறிகிறபோது யோசிக்க என்ன இருக்கிறது?

வர்ஜீனியாவில் இருக்கும் வில்லியம்ஸ்பர்க் வேறு மாதிரி. 1699 முதல் 1780 வரை அந்தக் காலனியின் தலைநகரம். ராக்ஃபெல்லர் ஜூனியரின் பணத்தில் 1926-இல் தொடங்கிச் சிறுகச்சிறுக மீட்டெடுத்த ஊர். அங்கே தெருவில் நடமாடும் வேடக்காரர்களில் பலருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: நாளைக்கு என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது. நம் தெருக்கூத்துக் கட்டியங்காரன் பாண்டவர் வனவாசத்துக்கு நடுவே ரேஷன் கடையைப் பற்றிப் பேசிவிட்டுப் போவான். இவர்கள் அப்படிப் பேசிவிட்டால் ஆட்டம் கலைந்தது. கோடை விடுமுறையில் போனபோது, செல்போனை நீட்டிப் படம் எடுக்கக் கேட்ட பையனிடம் ஒரு வேடக்காரர், “இந்தக் கண்ணாடியில் உனக்கு முகம் தெரிகிறதா?” என்று விசாரித்தார். அவரிடமே இன்னொரு பிள்ளை, “நீங்கதான் ஜெயிப்பீங்க” என்றது. “உன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும். தோற்றால் எங்கள் தலைவர்களுக்குத் தூக்குக் கயிறுதான்” என்றார். பாடப்புத்தகம் இந்தப் பயத்தைத் தருவதில்லை. முடிவு தெரிந்த பிறகு எழுதியது அல்லவா!

அந்த ஊரிலும் நெடுங்காலம் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. புரட்சிக் காலத்தில் வில்லியம்ஸ்பர்க் மக்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர், பெரும்பாலும் அடிமைகள். அவர்களுடைய வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே சொல்லும் வேடங்கள் 1979-இல்தான் வந்தன. 1994 அக்டோபரில் ஓர் அடிமை ஏலத்தையே நடத்திக் காட்டினார்கள். கறுப்பின உரிமை அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. அங்கே கறுப்பினத்தவர் வாழ்க்கையைக் காட்டும் பிரிவின் தலைவரான கிறிஸ்டி கோல்மன் தாமே ஏலம் போகும் கர்ப்பிணியாக வந்து நின்றார். எதிர்க்க வந்தவர்களிலேயே ஒரு தலைவர், பார்த்த பிறகு மனம் மாறியதாகச் சொன்னார்.

இதைக் கேள்விப்பட்டு வகுப்பறையிலும் செய்து பார்க்கலாம் என்று கிளம்புகிற ஆசிரியர்களை நினைத்தால் எனக்குப் பகீரென்கிறது. சில பிள்ளைகளை அடிமைகளாக நிறுத்தி மற்றவர்களை ஏலம் கேட்கவைத்த பள்ளி என்று இன்றும் அவ்வப்போது செய்தி வருகிறது. பின்னாலேயே மன்னிப்புக் கடிதமும். கோல்மன் தேர்ந்த நடிகை. தாமே முடிவெடுத்து நின்றார். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த முடிவை எடுக்க எங்கே இடம் கொடுத்தார்கள்? அதற்கு மிஞ்சுவது அவமானம், அதுவும் கூடப் படிக்கும் பிள்ளைகள் கையால்.

மாசசூசெட்ஸில் இருக்கும் பிளிமத் அருங்காட்சியகத்தின் ஏற்பாடு இதில் எனக்குப் பிடித்தது. 1627-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கிராமத்தில் எல்லாரும் வேடம். பக்கத்திலேயே வாம்பனோவாக் பழங்குடியினரின் குடியிருப்பில் இருப்பவர்களும் மூதாதையர் பாணி உடைதான் உடுத்தியிருக்கிறார்கள். ஆனால் பழங்காலத்து ஆட்களாக நடிப்பதில்லை, இன்றைய மனிதர்களாகப் பேசுகிறார்கள். இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கும் ஜனங்கள் தங்களையே பழங்கதையாக நடித்துக் காட்டுவானேன்?

மகளின் ஆசிரியை கெட்டிக்காரர். பாஸ்டன் போய் வந்த பிறகு வகுப்பில் ஓர் ஊர்க்கூட்டம் நடத்தினார். அச்சுக்கூடக்காரர், விவசாயி, கடைக்காரர் என்று ஆளுக்கொரு சீட்டு. பாதிப் பேர் ராஜா கட்சி. அடிமையின் சீட்டை மட்டும் எந்தப் பிள்ளையிடமும் கொடுக்கவில்லை. 1775 நவம்பரில் வர்ஜீனிய ஆளுநர் டன்மோர், புரட்சிக்காரர்களின் அடிமைகள் ராஜாவின் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்ததைத் தாமே படித்துக் காட்டி, “இப்போது சுதந்திரம் எந்தப் பக்கம்?” என்று கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாராம். வகுப்பு முழுக்கச் சண்டை.

மகளுக்கு வந்தது ஆங்கிலிகன் பாதிரியார் சீட்டு. பழைய தலையணை உறையைக் கிழித்து வெள்ளைக் கழுத்துப் பட்டி செய்து கொடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டு சாப்பிடும்போதும் வாதம். “ராஜாவுக்கு விசுவாசமா இருப்பேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்மா. கூட்டத்தைப் பார்த்து மாறிட்டா, ஞாயித்துக்கிழமை எந்த முகத்தோட பிரசங்கம் பண்றது?” கூட்டத்தில் தோற்றுத்தான் வந்தாள். ஊரோடு ஒத்துப்போவதா, ஊரை விட்டுப் போவதா என்று கடிதம் எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். 1776 மார்ச்சில் பிரிட்டிஷ் படை பாஸ்டனைக் காலி செய்தபோது ராஜா கட்சிக்காரர்கள் ஆயிரம் பேர்போல அதே கப்பல்களில் இன்றைய கனடாவின் ஹாலிஃபாக்ஸ் போனார்கள் என்று சொன்னேன். வரைபடத்தை விரித்து ஊரைத் தேடினாள். அங்கே குளிர் எப்படி, பாதிரியாருக்கு வேலை கிடைக்குமா, அம்மாவையும் கூட்டிப் போகலாமா என்று வரிசையாகக் கேட்டாள். நான் வரமாட்டேன், இங்கே வீடு இருக்கிறது என்றேன். அப்படியானால் நீ புரட்சிக் கட்சியா என்று முறைத்துவிட்டு, கடிதத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.